பரவாயில்லை சாரின் சம்பளக் கடிதம்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் 'பரவாயில்லை சார்' என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருக்கிறது. விசா அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். அந்த அளவுக்குப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் பரவாயில்லை. மகள் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாளாமே என்று கேட்டாலும் பரவாயில்லை. ஒருநாள் மொட்டைமாடி இயந்திர அறையின் கதவு காற்றில் சாத்திக்கொண்டு விரலை நசுக்கி நகம் கறுத்துப்போனது. அப்போதும் கண்ணில் தண்ணீர் முட்ட நின்றுகொண்டு அதையேதான் சொன்னார்.

இதையெல்லாம் பணிவு என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கொஞ்சம் பணிவுதான், இல்லையென்று சொல்லவில்லை. மீதியெல்லாம் தொழில் புத்தி.

லிஃப்டுக்குள் 'பதின்மூன்று பேர், ஆயிரம் கிலோ' என்று ஒரு தகடு ஒட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினான்காவது ஆள் ஏறினால் கயிறு அறுந்துவிடும் என்று வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. அறுந்தெல்லாம் போகாது. மேலே இருக்கும் இரும்புக் கயிறுகள் அந்த எடையைப்போலப் பன்னிரண்டு மடங்கு தாங்கும். ஆனாலும் தகட்டில் பதின்மூன்றுதான் எழுதுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் தகட்டையே பார்த்துப் பார்த்து, மனிதர் தன் நெற்றியிலும் அப்படி ஒன்றை மாட்டிக்கொண்டுவிட்டார். தன்னைப் பற்றி எதைச் சொல்ல நேர்ந்தாலும் பன்னிரண்டால் வகுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

கல்யாணப் பேச்சு நடந்தபோது வருங்கால மாமனார் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். ஊர் உலகத்தில் மாப்பிள்ளைகள் அந்த இடத்தில் என்ன செய்வார்கள்? கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். இவர் கால் பங்கைக் குறைத்துச் சொன்னார். பக்கத்தில் இருந்த அவருடைய அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசைக்கு அடியில் அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். மிதித்ததற்கும் "பரவாயில்லை" என்றார். எப்படியோ கல்யாணம் நடந்துவிட்டது. அது எப்படி நடந்தது என்பது அவருக்கே பல வருஷம் புரியாத விஷயம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த வெளிநாட்டு வேலைக்கு நேர்காணல் நடந்தது. முதலாளி நல்ல மனிதர், கையும் கெட்டியான கை. "எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டார். நம்முடைய ஆள் மென்று முழுங்கி, "நாலாயிரத்து இருநூறு. அதுவும் உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா" என்றார். முதலாளிக்குப் புரையேறிவிட்டது. அவர் மனதில் வைத்திருந்த தொகை அதைவிட ஆயிரம் அதிகம். தண்ணீர் குடித்துவிட்டு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "அடிப்படைச் சம்பளம் மூவாயிரம்னு போட்டுக்கிட்டு, மீதியை வீட்டு வாடகை, வண்டிச் செலவுன்னு பிரிச்சுக்கலாமா? எங்களுக்கு வரியில கொஞ்சம் மிச்சமாகும்" என்றார்.

"பரவாயில்லை சார்."

பட்டப்பெயர் பிறந்தது அந்த அறையில்தான். தன்னைத் தானே அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, விற்ற திருப்தியோடு அவர் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு விசா வாங்க அந்த மூவாயிரமே போதுமானதாக இருந்தது, அதனால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வினை இந்த வருஷம் வந்தது. கம்பெனியில் விசா காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளை எல்லோரும் ஃபைல் அக்கா என்பார்கள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதை மேசையெல்லாம் தேடுகிறவர், ஆனால் யாருடைய விசா என்றைக்கு முடிகிறது என்பது மட்டும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு திங்கட்கிழமை காலை நம்முடைய ஆளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"சார், உங்க விசா இன்னும் மூணு மாசத்துல முடியுது. தெரியும்ல?"

"தெரியும். பரவாயில்லை."

"என்ன பரவாயில்லை? புது ரூல் வந்திருக்கு. வெளிநாட்டுலேர்ந்து வந்து இன்ஜினியர் வேலை பாக்கறவங்களுக்கு மாசம் நாலாயிரத்து ஐநூறு சம்பளம் இருந்தாத்தான் விசா. ஒண்ணு குறைஞ்சாலும் ஃபைல் திரும்பி வந்துடும்."

அவர் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். "எனக்கு நாலாயிரத்து இருநூறு. முந்நூறுதானே குறையுது?"

"அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் சார் பாப்பாங்க. வாடகை, வண்டியெல்லாம் கணக்குலயே வராது. உங்களுக்கு மூவாயிரம்தான்."

அவர் விரல்விட்டு மறுபடி கழித்துப் பார்த்தார்.

"எதுக்காம் இந்த ரூலு?"

"மலிவா ஆள் கிடைக்குதுன்னு யாரும் வெளியிலேர்ந்து கூட்டிட்டு வரக் கூடாதாம். உங்களை மாதிரி ஆளுங்களைக் காப்பாத்தத்தான் சார் போட்டிருக்காங்க."

"யாருகிட்டேர்ந்து?"

"உங்ககிட்டேர்ந்துதான்" என்றார் ஃபைல் அக்கா, கொஞ்சம்கூடச் சிரிக்காமல்.

பிறகு குரலைத் தணித்துக்கொண்டு மீதியையும் சொன்னார். சம்பளம் ஏறாவிட்டால் அவருக்கு விசா இல்லை. அவர் விசாவை ஒட்டியே மனைவிக்கும் மகளுக்கும் விசா. ஆகவே மூன்று பேரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். மகளுக்குப் பள்ளியில் இன்னும் ஒரே வருஷம் பாக்கி. அதைப் பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போனால் வேறு பாடத்திட்டம், ஒரு வருஷம் பின்னால் தள்ளி உட்காரவைப்பார்கள்.

"முதலாளிகிட்ட வாயைத் திறந்து கேளுங்க சார். இந்த ஒரு தடவையாவது."

வாயைத் திறந்து கேட்பது! பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு இருட்டில் திருப்புளி பிடிக்கச் சொன்னால் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே செய்வார். கேள் என்றால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. பிறந்ததிலிருந்து யாரிடமும் சம்பள உயர்வு கேட்டதில்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்டதில்லை.

ஒத்திகை தொடங்கியது. முதல் மூன்று நாள் லிஃப்ட் கண்ணாடியைப் பார்த்துப் பேசிப் பார்த்தார். பராமரிப்புக்குப் போன கட்டடங்களில் கதவு மூடியதும், "சார், ஒரு சின்ன விஷயம், சம்பளம்…" என்று ஆரம்பிப்பார். நாலாவது மாடியில் கதவு திறந்து ஒரு அம்மாள் ஏறிக்கொள்வார். உடனே கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அந்த வாரம் அந்தக் கட்டடங்களின் லிஃப்டுகளில் கண்ணாடிகள் பளபளவென்று இருந்தன.

வீட்டில் மனைவி முதலாளியாக உட்கார்ந்தாள். ஊரில் அவள் பன்னிரண்டு வருஷம் ஒரு வக்கீல் அலுவலகத்தில் மனு டைப் செய்தவள். இங்கே அவளுடைய விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. அந்தப் பன்னிரண்டு வருஷ வாய் முழுதும் வீட்டுக்குள்ளேயே செலவாகிக்கொண்டிருந்தது. சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "என்னய்யா, என்ன வேணும்?" என்றாள்.

"ஒண்ணுமில்லை சார். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"சும்மா பாக்கறதுக்கு நான் என்ன கடிகாரமா?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் ஒத்திகையில் மனைவி முறைத்த முறைப்பில், சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டார்.

எட்டாம் நாள் நிஜமாகவே முதலாளியின் அறைக்குள் போனார். முதலாளி நாற்காலியில் திரும்பினார், நாற்காலி கிறீச்சிட்டது. போதாதா அவருக்கு? "சார், இந்த நாற்காலியில ஒரு போல்ட் லூசா இருக்கு" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார். கால்மணி நேரத்தில் நாற்காலி வழுக்கிக்கொண்டு சுழன்றது. முதலாளி நன்றி சொன்னார். இவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டு, வந்த காரியத்தை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது மகள் மேசையில் உட்கார்ந்து போனைப் பார்த்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தார். ஊரில் இருக்கும் பள்ளிகளின் பெயர்கள், பக்கத்தில் சேர்க்கை தேதிகள். அவள் சட்டென்று நோட்டை மூடினாள்.

"கேட்டியாப்பா?"

"இன்னிக்கு அவருக்கு நிறைய வேலை…"

"பரவாயில்லைப்பா. ஒரு வருஷம்தானே? நான் ஊர்லயே படிச்சுக்கறேன்."

அந்தச் சொல் மகளின் வாயிலிருந்து வந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. தான் சொல்லும்போது அது எவ்வளவு பெரிய பொய் என்று இத்தனை வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறது. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை முதலாளி வருவதற்கு முன்பே அவர் அறை வாசலில் நின்றார். முதலாளி சாவியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, எங்கே உள்ளே போனால் வேறு எதையாவது ரிப்பேர் செய்ய ஆரம்பித்துவிடுவோமோ என்ற பயத்தில், முதுகைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"சார், எனக்குச் சம்பளம் ஏத்தணும்."

முதலாளி சாவியை விட்டுவிட்டுத் திரும்பி, அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்பாடா. ஃபைல் அக்கா போன வாரமே எங்கிட்டச் சொல்லிட்டாங்கய்யா. நீ எப்பதான் கேப்பேன்னு பாத்துட்டு இருந்தேன். நேத்து கேக்கத்தானே வந்தே?"

"ஆமா சார்."

"கேட்டிருந்தா என் நாற்காலி சரியாகியிருக்காது, அது ஒரு லாபம். சரி, விசா ஆபீசுக்கு ஒரு லெட்டர் வேணும். இந்த ஆளுக்கு இந்தச் சம்பளம் ஏன் கொடுக்கறோம், இவர் அப்படி என்ன கிழிச்சாருன்னு கம்பெனி எழுதிக் கொடுக்கணும். நீயே எழுதிட்டு வா. அடிப்படைச் சம்பளம் எவ்வளவுன்னு தொகையையும் நீயே போடு. நான் படிச்சுப் பாப்பேன். எனக்கு மனசு ஒப்பினா கையெழுத்து."

அந்தக் கம்பெனியில் அது வழக்கம். நற்சான்றோ சிபாரிசோ, யாருக்கு வேண்டுமோ அவரே எழுதிக்கொண்டு வரவேண்டும். மற்றவர்கள் வெளுத்துக்கட்டுவார்கள். கூண்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு வந்ததைப் படித்துவிட்டு, முதலாளி அசந்துபோய் எழுந்து கைகொடுத்தாராம். நம்முடைய ஆளுக்குத்தான் இடி விழுந்தாற்போல் இருந்தது. சம்பளம் கேட்பதாவது ஒரு வரி. தன்னைத் தானே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவது எப்படி?

மூன்று நாள் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி துணி தேய்த்துக்கொண்டிருக்கும்போது, காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

'இவர் எங்களிடம் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறார். பெரும்பாலும் நேரத்துக்கு வருகிறார். சொல்லும்படியான குறை எதுவும் இதுவரை தெரியவரவில்லை. இவருக்கு மாதம் நாலாயிரத்து ஐநூறு கொடுக்கலாம்.'

கீழே முதலாளி கையெழுத்துக்கு மட்டும் தாராளமாக இடம் விட்டிருந்தார்.

"இதை மூணு நாளா எழுதினீங்களா?"

"முதல்ல ரெண்டு வரிதான் இருந்துது."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "தெரியவரவில்லையா? அப்ப இனிமே தெரியவரும்னு அர்த்தமா? இதைப் படிச்சா அந்த ஆபீசர் விசா கொடுக்க மாட்டார், போலீசுக்கு ஒரு காப்பி அனுப்புவார். மனுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கேக்கறவனே கூச்சப்பட்டா கொடுக்கறவன் ஏன் கொடுப்பான்? எழுந்திருங்க. உங்க குறிப்பு நோட்டையெல்லாம் எடுத்துட்டு வாங்க."

லிஃப்ட்காரர்கள் போகிற ஒவ்வொரு அழைப்பையும் சட்டைப்பை நோட்டில் குறித்துவைப்பார்கள். நாலு வருஷத்துக்கும் சேர்த்துப் பதினோரு நோட்டு வந்தது. எல்லாவற்றிலும் கிரீஸ் கறை. மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினாள். மகள் லாப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல எதிரே நின்றார்.

"எத்தனை லிஃப்ட் உங்க பொறுப்புல?"

"கொஞ்சம்தான்."

"நம்பர்."

"நாப்பத்தொண்ணு."

"கம்பெனில மொத்தம் எத்தனை? எத்தனை பேர் பாக்கறாங்க?"

"நூத்துப் பதினாலு. அஞ்சு பேர்."

மகள் வாயைப் பிளந்துகொண்டு டைப் செய்தாள். மனைவி ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். அங்கே, 'ஆஸ்பத்திரி. படுக்கை லிஃப்ட் நின்றது. சரி செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தது.

"இது அந்தக் கை தோல் உரிஞ்ச நாளா?"

"ஆமா. பரவாயில்லை, அது பெரிசா ஒண்ணும்…"

"ஆபரேஷனுக்குப் போயிட்டு இருந்த பேஷன்ட், ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரி முழுக்கக் கரண்ட் கோளாறு. நீங்க பதினாலு மாடி படியேறி மேலே போய், கையால பிரேக்கை விட்டு விட்டு, கொஞ்சம் கொஞ்சமா கூண்டை இறக்கினீங்க. பதினோரு நிமிஷம். இதை உங்ககிட்டேர்ந்து பிடுங்க எனக்கு மூணு நாள் ஆச்சு. நோட்டுல என்னன்னா, நின்றது, சரி செய்யப்பட்டது! முதலாளிகிட்டச் சொன்னீங்களா?"

"ரெஜிஸ்டர்ல எழுதியிருக்கேனே."

"இப்படித்தானே?"

"இப்படித்தான்."

மகள் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையில் இரண்டும்தான்.

மதியத்துக்குள் ஒரு முழுப் பக்கம் தயாரானது. மனைவி சொல்லச் சொல்ல மகள் அடித்தாள். கடைசியில் தொகைக்கான இடம் வந்தது.

"ஐயாயிரத்து இருநூறுன்னு போடு" என்றாள் மனைவி.

அவர் பதறிவிட்டார். "நாலாயிரத்து ஐநூறுதானே ரூலு? அது போதுமே. எதுக்கு மேல எழுநூறு? பேராசைன்னு நினைக்க மாட்டாரா?"

மனைவி கையிலிருந்த நோட்டை மூடிவைத்தாள். "பதிமூணு பேர் ஏறுற லிஃப்டுல, கயிறு எத்தனை பேரைத் தாங்கும்?"

"பன்னெண்டு மடங்கு தாங்கும். அது உனக்கே தெரியுமே."

"சரியா பதிமூணு பேரை மட்டும் தாங்குற கயிறு போட்டா?"

"ஐயையோ!" இதுவரை முனகிக்கொண்டிருந்தவர் குரலை உயர்த்திவிட்டார். "அதுல எவன் ஏறுவான்? லேசா ஒரு குலுங்கு குலுங்கினா போச்சு. அப்படி ஒரு கயிறு போட்டவனை ஜெயில்ல போடணும்!"

"நாங்க ரெண்டு பேரும் நாலு வருஷமா அதுலதான் ஏறி நிக்கிறோம்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"குறைச்சு எழுதறது தகட்டுலங்க. எவ்வளவு ஏத்தலாம்கறதுல. கயிறு வாங்கும்போது யாராவது குறைச்சு வாங்குவாங்களா? எங்களுக்கு உங்க சம்பளம்தான் கயிறு. அந்த ரூலு அடுத்த மாசமே ஏறினா என்ன பண்ணுவீங்க? மறுபடியும் கண்ணாடி துடைக்கப் போவீங்களா?"

இருபத்திரண்டு வருஷமாகத் தான் படித்த பாடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்ததை மனிதர் அந்தச் சாப்பாட்டு மேசையருகே நின்றுதான் புரிந்துகொண்டார். வேறு யார் எதைச் சொல்லியிருந்தாலும் மழுப்பியிருப்பார். கயிறு விஷயத்தில் அவரால் மழுப்ப முடியாது. மகள் பக்கம் திரும்பி, "ஐயாயிரத்து இருநூறுன்னே போடும்மா" என்றார்.

கொஞ்சம் தெளிந்ததும் ஒன்று தோன்றியது. "நம்ம கல்யாணத்தப்பவும் நான் குறைச்சுத்தான் சொன்னேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? எங்கப்பா மறுநாளே உங்க ஆபீசுல விசாரிச்சுட்டாரு. பையனுக்குக் கணக்கு வராது போலன்னு யோசிச்சாரு. உங்களுக்கு முன்னாடி வந்த ரெண்டு பேர் கூட்டிச் சொல்லி மாட்டிக்கிட்டவங்க. குறைச்சுச் சொன்னது நீங்க ஒருத்தர்தான். இந்த ஆளுகிட்ட ஒளிச்சு வெச்சது நிறைய இருக்கும்னு நான்தான் சரின்னேன்." இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: "தோண்டித் தோண்டித்தான் எடுக்கணும்னு அப்பத் தெரியலை."

திங்கட்கிழமை கிளம்பும்போது வாசல்வரை வந்து ஒரே ஒரு விஷயம் சொல்லி அனுப்பினாள். "தொகையைப் பாத்துட்டு அவர் நிமிர்ந்து பாப்பார். நீங்க வாயைத் திறக்கக் கூடாது. எடை வெச்சப்புறம் தொடாம நிப்பீங்களே, அந்த மாதிரி நில்லுங்க."

புது லிஃப்டைச் சோதிக்கும்போது கூண்டுக்குள் இரும்புக் கட்டிகளை அடுக்கிவிட்டு, கொஞ்ச நேரம் தொடாமல் நிற்கவேண்டும். கயிறு நழுவுகிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக. அந்த நேரத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

முதலாளி கடிதத்தைப் படித்தார். வழக்கமாக நாலு வரி படித்துவிட்டுப் பேனாவைத் தேடுகிறவர், இதை மெதுவாகப் படித்தார். ஆஸ்பத்திரி வந்த இடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"இது எப்ப நடந்துது?"

"போன வருஷம் சார்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே! அந்த ஆஸ்பத்திரி நம்ம கான்ட்ராக்டை மூணு வருஷத்துக்கு நீட்டிச்சப்ப, நம்ம ரேட் கம்மின்னுதான் நீட்டிச்சாங்கன்னு நினைச்சு நான் ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனேய்யா."

கீழே போனார். தொகை வந்தது. பேனாவின் பின்பக்கத்தால் அதைத் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஐயாயிரத்து இருநூறு."

அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. 'குறைச்சுக்கலாம் சார்' என்ற வார்த்தை தொண்டைவரை வந்து, முன்பல்லுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. நாற்காலியின் போல்ட்டைப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. ஜன்னல் தாழ்ப்பாள் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது. கை அந்தப் பக்கம் போனது, இழுத்துக்கொண்டார். மகள் மூடிய நோட்டை நினைத்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை.

முதலாளி பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். "நாலு வருஷம் முன்னாடியே நீ இப்படி வாயை மூடிட்டு உக்காந்திருந்தா, இதை நான் அன்னிக்கே கொடுத்திருப்பேன். உன் நல்ல நேரமோ என் கெட்ட நேரமோ. போ. இந்த லெட்டர் யார் எழுதினது?"

"நான்தான்… வீட்டுல."

"வீட்டுலன்னா வீட்டுலயா, வீட்டம்மாவா?"

அவர் சிரித்தார்.

"அவங்களுக்கு வேலை பாக்கற விசா கிடைக்கறப்ப முதல்ல எங்கிட்டச் சொல்லு. நம்ம கான்ட்ராக்ட் லெட்டரையெல்லாம் அவங்ககிட்டக் கொடுத்துடலாம்."

ஃபைல் போனது. ஐந்தாவது வாரம் ஃபைல் அக்கா அவரைக் கூப்பிட்டபோது கண்ணாடி தலையில் இல்லை, மூக்கில் இருந்தது. அதைப் பார்த்ததுமே அவருக்குத் திக்கென்றது. குறைந்தபட்சச் சம்பளத்தை மறுபடி ஏற்றிவிட்டார்கள், இப்போது ஐயாயிரம், முடிவு சொல்லாத ஃபைல்களுக்கும் அது பொருந்தும் என்றார் அக்கா. எதிர்க் கட்டடத்து ஏசி கம்பெனியில், சரியாக நாலாயிரத்து ஐநூறு என்று போட்டிருந்த நாலு ஃபைல் திரும்பி வந்துவிட்டதாம். அந்த நாலு பேரும் தங்கள் முதலாளியின் அறை வாசலில் மறுபடி நிற்கிறார்களாம்.

"உங்களுது பாஸ் ஆயிடுச்சு சார். இருநூறு மேலேயே இருக்கு. எப்படி சார் முன்னாடியே தெரிஞ்சுது உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாது. கயிறு கொஞ்சம் தடிமனா போட்டாங்க" என்றார் அவர். ஃபைல் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் மாடிப் படியில் இறங்கிப்போய், யாரும் இல்லாத இடத்தில் சுவரில் சாய்ந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விசா அட்டைகள் வந்த சனிக்கிழமை காலை, மகள் பள்ளிப் பெயர்கள் எழுதிய தாளை நோட்டிலிருந்து கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். மனைவி அவருடைய வேலைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் கடிதத்தின் நகலை எடுத்துவைத்துக்கொண்டு முதல் தடவையாக நிதானமாகப் படித்தார். முன்பெல்லாம் கூச்சத்தில் பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் படித்திருந்தார். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: 'இவர் சொல்வதைவிட இவர் செய்வது எப்போதும் அதிகம். இவரோடு ஒரு கூண்டில் ஏறி நிற்க எங்களுக்கு ஒருநாளும் பயமாக இருந்ததில்லை. இவரை இழக்க எங்களுக்கு விருப்பமில்லை.'

இரண்டு தடவை படித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தக் கடைசிப் பத்தி… இது முதலாளி சொல்ற மாதிரி எழுதினதுதானே?"

மனைவி காலரைத் திருப்பிப் போட்டு நீவினாள். "ஆமா. வேற யார் சொல்ற மாதிரி எழுதுவாங்க?"

"இல்ல, சும்மா கேட்டேன்." கொஞ்சம் பொறுத்து, வாழ்க்கையில் இரண்டாவது தடவையாகத் துணிந்து இன்னொன்றும் கேட்டார். "நிஜமாவே நான் அவ்வளவு நல்லவனா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை. சட்டையை உதறி அவர் கையில் கொடுத்தாள்.

"பரவாயில்லை" என்றாள்.

அவர் சூடு ஆறாத சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அன்றைக்கு முழுதும் அப்படியே வேலை பார்த்தார்.